வராத பிள்ளையைத் தேடிப் போகும் பள்ளி

நீலகிரியில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் காய்ச்சல் என்று மட்டும் நினைத்துவிட முடியாது. பந்தலூர்ப் பக்கம் பாதையில் யானை நின்றிருக்கும். ஆடி மழைக்கு ஓடை நிறைந்து தாண்ட முடியாமல் போயிருக்கும். காப்பிப் பழம் பறிக்கிற காலமென்றால் அப்பா அம்மாவோடு எஸ்டேட்டுக்குப் போயிருக்கும். ஊரில் சாவு விழுந்திருந்தால் காரியம் முடியும்வரை யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். கைகால் எல்லாம் வலி என்று சுருண்டு படுத்திருக்கும். அந்த வலி எதனால் என்று வீட்டிலேயே தெரிந்திருக்காது. முந்தின நாள் டீச்சர் கேட்டது புரியாமல் விழித்து, மற்ற பிள்ளைகள் சிரித்திருந்தாலும் மறுநாள் வராது.

வருகைப் பதிவேட்டில் இத்தனைக்கும் ஒரே குறிதான். கைப்பேசிச் செயலியில் பதிவு செய்தாலும் அப்படியே.

மாணவர்களின் படிப்புக்கும் நலனுக்கும் பள்ளி என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால், மலையில் அந்தக் கேள்வியை இந்தக் குறியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். பிள்ளை ஏன் வரவில்லை என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளும் ஓர் ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அரசின் திட்டங்கள் எல்லாம் பிள்ளையிடம் போய்ச் சேருகின்றன. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் அதே திட்டங்கள் கணக்கு எழுதுவதோடு நின்றுபோகின்றன. அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

நீலகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பெரிய உறைவிடப் பள்ளிகள். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது. நாடெங்கும் இருந்து வசதியான வீட்டுப் பிள்ளைகள் இந்த மலைக்குப் படிக்க வருகிறார்கள். இந்த மலையிலேயே பிறந்த பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் வேறு வகைப் பள்ளிகளில்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, எஸ்டேட்டை ஒட்டிய நடுநிலைப் பள்ளி, பழங்குடியினர் நலத் துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளி. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 7.35 லட்சம், எழுத்தறிவு 85 சதவீதம். மாநிலச் சராசரியைவிட நல்ல எண்ணிக்கைதான். ஆனால் இந்தச் சராசரிக்குள் கோத்தகிரியின் வசதியான ஹட்டியும் (படகர் ஊர்) இருக்கிறது, கூடலூர்க் காட்டோரத்துப் பணியர் குடியிருப்பும் இருக்கிறது. இரண்டையும் கூட்டி வகுத்து வரும் எண் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஹட்டிகளில் படகர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள். கூடலூர், பந்தலூரில் மலையாளம் பேசுபவர்கள். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தேயிலை பறிக்க வந்திருக்கும் குடும்பங்கள். ஒரே ஒன்றாம் வகுப்பில் நான்கு வீட்டு மொழிகள் உட்கார்ந்திருப்பது இங்கே அதிசயமில்லை.

இதில் பாடப்புத்தகத்தின் தமிழ் பல பிள்ளைகளுக்கு இரண்டாவது மொழி. பணியர் பேச்சு மலையாளத்துக்குப் பக்கம், காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்குப் பக்கம். தோடர்களும் கோத்தர்களும் பேசுபவை தனித்தனி மொழிகள். ஐந்து வயதுப் பிள்ளை வகுப்பில் வாயே திறக்கவில்லை என்றால், "இது மந்தம்" என்று முடிவு கட்டிவிடுவது எளிது. அதே பிள்ளை வெளியில் தன் அக்காவிடம் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, இயன்ற அளவுக்குப் பிள்ளையின் தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. "இயன்ற அளவுக்கு" என்ற அந்தச் சொற்களுக்குள் மலைப் பள்ளிகளின் முழுச் சிரமமும் அடங்கிவிடுகிறது. எழுத்துமுறை இல்லாத மொழியில் புத்தகம் போடுவது எளிதல்ல. அதைக் காரணம் காட்டிச் சும்மா இருக்கவும் கூடாது. ஆசிரியர் அந்த மொழியில் தண்ணீர், பசி, வலி, பயம், வீடு, வா, உட்கார், பரவாயில்லை என்று ஒரு முப்பது நாற்பது வார்த்தைகள் கற்றுக்கொண்டால் போதும், முதல் மாதத்திலேயே பிள்ளையின் முகம் மாறும். மொழியைப் பிழையின்றிப் பேச வேண்டியதில்லை. டீச்சர் தப்பாகப் பேசினால் பிள்ளைகள் திருத்துவார்கள். வாயே திறக்காத பிள்ளை முதல் முறை வாய் திறப்பது பெரும்பாலும் டீச்சரைத் திருத்துவதற்குத்தான்.

கூடலூரில் விஸ்வபாரதி வித்யோதயா அறக்கட்டளையின் பள்ளி இதைவிட ஒரு படி மேலே போனது. ஆதிவாசி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களையே ஆசிரியர்களாக்கியது. தன் ஊர் அக்கா கரும்பலகை அருகே நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, பள்ளி என்பது யாரோ வெளியாட்கள் நடத்தும் இடமாகத் தோன்றாது. அரசுப் பள்ளிகளில் இதை அப்படியே செய்ய நியமன விதிகள் இடம் கொடுக்காமல் இருக்கலாம். ஆனால் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் அந்தந்த ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கொரோனா கால இடைவெளியை நிரப்ப வந்த திட்டம் அது. மலையைப் பொறுத்தவரை அதன் பெரிய பயன் வேறு: பள்ளிக்கும் குடியிருப்புக்கும் நடுவே, இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு ஆள் கிடைத்தார்.

கூடலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மழைக்காலத்துக் காலை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் உள்ளே வரவர வாசலில் நின்ற டீச்சர் ஒவ்வொருவர் ஸ்வெட்டரின் கைப்பகுதியையும் விரலால் பிடித்துப் பார்த்தார். ஈரமாக இருந்தவர்களைச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பினார். அங்கே அடுப்படியில் ஸ்வெட்டர்கள் காய்ந்தன. மூன்றாம் வகுப்புப் பெண்ணிடம் "தம்பி எங்க?" என்றார். "வயித்த வலி டீச்சர்." "ராத்திரி சாப்பிட்டானா?" அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. டீச்சர் ஒரு சின்ன நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். மதியம் சாப்பாட்டு மணி முடிந்ததும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு லயன் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பக்கம் நடந்துபோனார். வகுப்பில் நடந்த பாடம் எனக்கு இப்போது நினைவில் இல்லை. அந்த நோட்டு நினைவிருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதில் காரணம் உண்டு: ராத்திரி சாப்பிடாவிட்டால் காலையிலும் வெறும் வயிறுதான். தேயிலைத் தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பள்ளி திறக்கும்வரை பெரிய பிள்ளைதான் சின்னப் பிள்ளைக்குக் காவல். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம். அது கைக்குழந்தைகளுக்குப் பயன்படும்; ஏழு வயதுப் பையனின் காலை நேரத்துக்கு அதில் பதில் இல்லை. அந்த இடைவெளியில் வந்ததுதான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாக ஒரு தட்டு. குளிரில் நடந்து வரும் பிள்ளைக்கு அந்தச் சூடே பாதிப் பாடம். பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள், முதல் பாடவேளையில் தூங்கி விழுவதில்லை என்று இங்கே பேசிய ஆசிரியர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரைக்கான திட்டம் இது. நடுநிலைப் பள்ளியில் தம்பி சாப்பிடும்போது ஆறாம் வகுப்பு அக்கா வெளியே நின்றிருப்பாள். அதே லயனிலிருந்து, அதே பாதையில், அதே வயிற்றோடு நடந்து வந்தவள்தான் அவளும். மலைப் பள்ளிகளிலாவது எட்டாம் வகுப்பு வரை இதை நீட்டிப்பது நியாயம்.

மலைப்பகுதி மாணவர்களுக்கு அரசு கம்பளி ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை தருகிறது. இவை எப்போது வந்து சேருகின்றன என்பது முக்கியம். தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடிக்கும். மழைக்கோட்டு அதற்கு முன் கையில் இருக்க வேண்டும். மழையென்றால் இங்கே தூறல் இல்லை. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. மழைக்குத் தாலுகாவாரியாக ஆட்சியர் விடுமுறை விடுவார். போன நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுவார்கள். நாள் கணக்கு சரியாகிவிடும். ஆனால் ஒரு வாரம் விட்டுப்போன, முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால், போன பாடத்தை மறுபடி முதலிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மலையின் தொடக்கப் பள்ளிகள் பல ஈராசிரியர் பள்ளிகள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. இருபது பிள்ளைகள்தான் என்றாலும் அவர்கள் ஐந்து வகுப்பாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்புவாரியாகப் பார்க்காமல், அவர்கள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறது. நகரத்தில் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது ஆசிரியருக்குச் சுமை. மலையின் சிறிய பள்ளிக்கு இது ஏற்கெனவே பழகிய வழி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து காட்டிக் கொடுப்பது அங்கே தினம் நடப்பது. அடிக்கடி வராமல் போகும் பிள்ளைக்கும் இதில் ஒரு நன்மை: எங்கே விட்டதோ அங்கிருந்து தொடரலாம், மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சம் குறையும். அரும்பு என்ற பெயரையே பட்டமாக்கிக் கூப்பிடாத ஆசிரியர் இருந்தால் மட்டும் இது நடக்கும்.

இனி, உடம்பு வலி. நீலகிரிப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியது இது; தெரியாததால் பிள்ளைகள் வீணாக அடியும் திட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

இந்தியாவில் அரிவாள் செல் இரத்தசோகையின் மரபணுக்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த மலையில்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து அதை வெளியிட்டார்கள். பணியர், இருளர், குறும்பர் போன்ற சமூகங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பரம்பரையாக வருவது, ஒட்டுவாரொட்டி இல்லை. தாய், தந்தை இருவருமே அந்தக் கூறைச் சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற பிள்ளை பொதுவாக நலமாகவே இருக்கும்.

நோய் உள்ள பிள்ளையின் சிவப்பணுக்கள் வளைந்து விறைத்துச் சிறிய இரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அப்போது கை, கால், முதுகு, நெஞ்சு என்று தாங்க முடியாத வலி வரும். குளிர், உடலில் நீர் வற்றுவது, காய்ச்சல், மூச்சு வாங்க ஓடுவது எல்லாமே அந்த வலியைக் கிளப்பிவிடும். மலைப் பள்ளியின் சாதாரண நாள் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: நனைந்து வருவது, குளிருக்குத் தண்ணீர் குடிக்காமலே இருப்பது, பி.டி. பீரியடில் மைதானத்தைச் சுற்றி ஓடுவது. ஒன்றுவிடாமல் எல்லாம் அங்கே இருக்கிறது. வலி இல்லாத நாட்களிலும் இரத்தம் குறைவாக இருப்பதால் பிள்ளை சோர்ந்து உட்காரும், கண் மஞ்சளாகத் தெரியும். இதைத்தான் சோம்பேறி என்றும் அக்கறை இல்லாதவன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பள்ளி செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. மேசையில் தண்ணீர் பாட்டில், அதைக் கேட்காமலே குடிக்க அனுமதி, அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனால் தடுக்காமை. மாற்று உடுப்பு ஒன்று பள்ளியிலேயே. ஓட்டத்துக்குப் பதில் பிள்ளை தன்னால் முடிந்த விளையாட்டு. காய்ச்சல் என்றால் சாயங்காலம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே மருத்துவமனை. திடீரென ஒரு பக்கம் கைகால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சுவலியோடு மூச்சு திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108. மருத்துவர் எழுதித் தந்த போலிக் அமிலம், ஹைட்ராக்சியூரியா மாத்திரைகளைப் பிள்ளை விடாமல் சாப்பிடுகிறதா என்று வீட்டில் ஒரு வார்த்தை. கூடலூரில் அஸ்வினி மருத்துவமனை, கோத்தகிரியில் நாவா என்கிற நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் ஆகியவை இந்த நோய்க்குப் பல காலமாகச் சிகிச்சை தருகின்றன. அரசு மருத்துவமனைகளிலும் பரிசோதனை நடக்கிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு இதற்கென ஒரு தேசிய இயக்கத்தையும் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அரிவாள் செல் நோயும் ஒன்று. மருத்துவக் குழுவின் சான்றிதழைப் பெற்றுவிட்டால் பிள்ளைக்குச் சட்டப்படி வரவேண்டிய சலுகைகளைக் கேட்கலாம். இதை வீட்டாருக்குச் சொல்லி, எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டக்கூடிய முதல் ஆள் வகுப்பாசிரியர்தான். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: இதையெல்லாம் வகுப்பு முன்னால் அறிவிக்கக் கூடாது. பெண்பிள்ளை என்றால் நாளை கல்யாணப் பேச்சில் போய் நிற்குமோ என்று வீட்டார் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை மதிக்க வேண்டும்.

உண்டு உறைவிடப் பள்ளிகளின் விஷயம் கொஞ்சம் வேறு. காட்டுப் பாதையில் தினமும் நடக்க முடியாத பிள்ளைக்கு விடுதி ஒரு நல்ல ஏற்பாடுதான், பெரிய வகுப்புகளுக்கு அது இல்லாமல் முடியவே முடியாது. ஆனால் ஆறு வயதில் வீட்டை விட்டு வரும் பிள்ளை இரவில் அழும். சில பிள்ளைகள் பொங்கல் விடுமுறைக்குப் போனால் திரும்ப வருவதில்லை. அதை ஒழுங்கீனமாகப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அது வீட்டு ஏக்கமாகத்தான் தெரிகிறது. ஞாயிறுதோறும் வீட்டோடு போனில் பேச வைப்பது, ஒரே ஊர்ப் பிள்ளைகளை ஒரே அறையில் படுக்க வைப்பது, தன் மொழியில் பாடவும் பேசவும் தடை போடாமல் இருப்பது போன்ற சின்ன ஏற்பாடுகள் பிள்ளையைத் தங்க வைக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மொழியையோ குலத்தையோ சொல்லிக் கேலி செய்வது அதற்குள் வரும் என்பதை விடுதிக் காப்பாளர் முதல் சமையலர் வரை எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணும் சுவரில் எழுதியிருக்கும். விடுதிப் பிள்ளை அந்த எண்ணை அழைக்கத் தனியாக ஒரு போன் கிடைக்குமா என்பதையும் யாராவது பார்க்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு முடிந்தபின் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் முடிகிறது, பள்ளியும் தூரமாகிறது. நடுநிலைப் பள்ளி வரை நடந்து போன பிள்ளை இனி பஸ் பிடித்து டவுனுக்குப் போக வேண்டும். பஸ் ஒன்று தவறினால் அன்றைய நாள் போச்சு. ஒன்பதாம் வகுப்பில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் தாக்குப்பிடித்த பிள்ளை பெரும்பாலும் பத்தாவது வரை வந்துவிடும். ஆகவே எட்டாம் வகுப்பு ஆசிரியர் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், புதிய பள்ளிக்குத் தானே கூட்டிப்போய்ச் சேர்த்து, அங்குள்ள வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் அதன் பலன் பல வருடத்துக்கு நிற்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மேற்படிப்பின்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலிருந்து இருக்கிறது. பன்னிரண்டாவது வரை வந்தவர்களுக்குத்தான் அது.

இவ்வளவும் ஆசிரியரைச் சுற்றியே இருக்கிறது. அதனால் ஆசிரியர்களின் நிலைமையையும் பேச வேண்டும். மலைப்படி, குளிர்காலப்படி உண்டு; வாடகை வீடு கிடைப்பது கடினம். மேட்டுப்பாளையம், கோவையிலிருந்து மலைப்பாதையில் தினமும் வந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். மண்சரிவு நாட்களில் அவர்கள் பாடு சொல்லி முடியாது. சிக்னல் இல்லாத பள்ளியில் செயலியில் பதிவேற்ற மேட்டில் ஏறி நிற்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் ஆனதும் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

ஆனால் மாறுதலின்போது என்ன கைமாறுகிறது என்று பாருங்கள். பதிவேடுகள், சாவிக்கொத்து, இருப்புப் பட்டியல் எல்லாம் ஒப்படைக்கப்படுகின்றன. யாருக்குக் குளிரில் கால் வலிக்கும், யாருடைய பாட்டி சொன்னால் அந்த வீடு கேட்கும், எந்தப் பாதையில் எந்த மாதம் யானை இறங்கும், எந்தப் பிள்ளை அதட்டினால் ஒரு வாரம் வராது என்பதெல்லாம் அந்தச் சின்ன நோட்டோடு கீழே இறங்கிவிடுகிறது. புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

இதற்குப் புதுத் திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. மலைப் பள்ளிகளுக்கு மாறுதல் ஆணை கொடுக்கும்போது, பழையவரும் புதியவரும் ஒரு வாரம் சேர்ந்து பணியாற்ற இடம் கொடுக்கலாம். அந்த வாரத்தில் பழையவர் புதியவரைக் குடியிருப்புகளுக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு வீட்டிலும் அறிமுகம் செய்யட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்தக் குழுவின் முதல் கூட்டத்தை வேலை நேரத்தில் பள்ளியில் வைக்காமல், அம்மாக்கள் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு லயனிலோ குடியிருப்பிலோ வைக்கலாம். ஒரு நாள் கூலியை இழந்துதான் கூட்டத்துக்கு வர முடியும் என்றால் யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். தங்கள் முற்றத்தில் உட்கார்ந்தால் பேசுவார்கள், பிள்ளையைப் பற்றிக் கேட்பார்கள், டீச்சர் கேட்பதற்கும் பதில் சொல்வார்கள்.